பழைய வெல்டிங் மேசையும் புதிய பட்டறையும்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிலே பேச வந்தால் கல்வியைப் பற்றியோ, ஒழுக்கத்தைப் பற்றியோ, பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியோ பேசுவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். கலைத்துறையிலே பட்டம் பெற்று, வரலாறும் தமிழும் கற்பித்து, ஐம்பது வயதைக் கடந்துவிட்ட நான் இன்று ஒரு பழைய இரும்பு மேசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொருந்தாத செயலாகத் தோன்றலாம். ஆயினும், அந்த மேசை எனக்குக் கற்பித்த சில பாடங்களை என் மாணவருக்கு நான் முன்னரே கற்பித்திருக்க வேண்டும் என்ற எண்ணமே என்னை இங்கு அழைத்து வந்தது.

எனது தங்கையின் மகன் ஒருவன் இருக்கிறான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலே கணித பாடத்தில் அவன் சித்தியெய்தவில்லை. "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அந்நாளில் தங்கையிடம் சொன்னவன் நான்தான். அதன்பின் அவன் தொழிற்பயிற்சி நிலையமொன்றிலே சேர்ந்து, உலோகங்களை உருக்கி ஒட்டும் தொழிலைப் பயின்று சான்றிதழும் பெற்றான். நூல்கள் 'உருக்கி ஒட்டல்' என்று எழுதுவதை ஊரார் வெல்டிங் என்கிறார்கள். நானும் ஊரோடு ஒத்து வெல்டிங் என்றே சொல்கிறேன். சில ஆண்டுகள் பிறரிடம் கூலிக்கு வேலை செய்த பின்னர், வீட்டின் பின்புறத்திலிருந்த வண்டிக்கொட்டிலைத் தன் பட்டறையாக்கிக்கொள்ள அவன் எண்ணினான். வெல்டிங் இயந்திரத்தைக் கடனுக்கு வாங்கினான். மேசை வாங்கக் கையிற் பணமில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின்னர் புது இரும்பின் விலை எத்தகையது என்பதை நேயர்கள் அறிவீர்கள். ஆகவே, மூடப்பட்ட ஒரு பட்டறையிலிருந்து பழைய மேசையொன்றை வாங்கத் தீர்மானித்தான்.

மேசை இல்லாமல் வெல்டிங் செய்ய இயலாதா என்று நீங்கள் கேட்கலாம். இயலும். நம் ஊர்களிலே நிலத்திற் குந்தியிருந்து வேலை செய்வோரே பெரும்பாலோர். ஆனால் இரும்பு ஒரு விசித்திரமான பொருள். குளிர்ந்திருக்கும்போது நாம் சொன்னபடி கிடக்கும். சூடேறினாலோ தன் விருப்பப்படி நகரும். ஒரு மீற்றர் நீளமான உருக்குக் கம்பியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசால் உயர்ந்தால் அது ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் நீள்கின்றது. ஒட்டுமிடத்திலோ உருக்கு உருகுகின்றது. அதாவது அவ்விடத்தின் வெப்பநிலை 1500 பாகையை அண்மிக்கின்றது. பின்னர் குளிரும்போது சுருங்கி, அயலிலுள்ள பாகங்களையெல்லாம் தன்பால் இழுக்கின்றது. இந்த இழுவைக்கு எதிராக வேலையை இறுக்கிப் பிடித்துவைக்க ஒரு தட்டையான, பாரமான தளம் வேண்டும். சமையலுக்கு அடுப்புக்கல் எப்படியோ, வெல்டிங்குக்கு மேசை அப்படி. கல் சரிந்தால் பானையும் சரியும்.

பழைய மேசையை வாங்கச் செல்பவர் எவற்றைப் பார்க்க வேண்டும்? முதலாவது, மேற்றகட்டின் கனம். ஓரத்திலே அழுக்கைச் சுரண்டிவிட்டு அளவு கோலை வைத்துப் பாருங்கள். 6 மில்லிமீற்றர்த் தகடு சிறு வேலைக்கு உதவுமேயன்றிப் படலை, சாளரச் சட்டம் போன்றவற்றுக்குப் போதாது. 12 மில்லிமீற்றராவது இருத்தல் நன்று. இரண்டாவது, நிறை. உருக்கின் நிறை ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 7850 கிலோகிராம். ஆகவே 1.2 மீற்றர் நீளமும் 0.9 மீற்றர் அகலமும் 12 மில்லிமீற்றர்க் கனமும் உள்ள தகடு ஏறக்குறைய 102 கிலோகிராம் இருக்கும். பழைய இரும்புக் கடையிலே ஒரு கிலோவுக்கு என்ன விலையென்று முன்கூட்டியே கேட்டறிந்து பெருக்கிப் பார்த்தால், கேட்கப்படும் விலை நியாயமா என்பது தெரிந்துவிடும். இந்தப் பெருக்கலை என் மருமகன் நிலத்திலே குச்சியால் எழுதிச் செய்தான். விடை சரியாகவே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது, தகட்டின் முகம். பழைய மேசையின் மேலே உருகித் தெறித்த இரும்புமணிகள் ஒட்டியிருப்பது குற்றமன்று. அவற்றை உளிகொண்டு தட்டி அகற்றலாம். எரிவாயுச் சுடரால் வெட்டிய பள்ளங்களும், துருப்பிடித்து அரித்த குழிகளும் ஆழமாக இருந்தால் மட்டும் தயங்குங்கள். நேரான கோலொன்றை நீளப்பாட்டிலும் அகலப்பாட்டிலும் மூலைவிட்டங்களிலும் வைத்து, அதன் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து நோக்குங்கள். நான்காவது, கால்கள். காலும் சட்டமும் சேருமிடத்தில் வெடிப்பு உண்டா என்று பார்ப்பதோடு, கால்கள் இருபுறமும் அடைபட்ட குழாய்களா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அடைபட்ட குழாயினுள் நீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால், அதன்மீது ஒட்டும்போது உள்ளிருக்கும் ஆவி விரிந்து குழாய் வெடிக்கக்கூடும். அத்தகைய குழாயில் முதலில் ஒரு சிறு துளையிட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று கண்டறிந்த பின்பே நெருப்பை அண்டவிட வேண்டும். மூடிய எண்ணெய்ப் பீப்பாய்களை ஒட்டவோ வெட்டவோ முயன்று உயிரிழந்தோர் பலர் என்பதை இங்கே நினைவிற் கொள்க.

மேசையை லான்ட்மாஸ்ரரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். நான்கு பேர் தூக்கினார்கள். கொட்டிலுக்குள் குழாய்த்துண்டுகளை உருளைகளாக இட்டுத் தள்ளினார்கள். இறக்கும்போது விரலைக் காலின் கீழ் வைக்காதிருப்பதே இதில் முக்கியமான விதி. மேசை நிலத்தில் இருந்தது, ஆடவில்லை. அதன் ஒரு மூலையிலே பாரமான வைஸ் ஒன்றைப் பூட்டினான். இரசமட்டத்தை நடுவிலே நீளவாக்கில் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவிலே நின்றது. மறுநாளே வேலையைத் தொடங்கினான்.

முதல் வேலை எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் இரும்புப் படலை. இரண்டு கதவுகள், ஒவ்வொன்றும் 1.8 மீற்றர் உயரமும் 1.5 மீற்றர் அகலமும் கொண்டவை. தன் ஊருக்குத் தானே செய்யும் முதல் வேலையென்று அவன் இரவு பகலாக உழைத்தான். பூட்டும் நாளன்று ஊரவர் பலர் கூடியிருந்தனர். கதவுகளைத் தூணிலே கொளுவி மூடினார்கள். மேலே இரண்டு கதவுகளும் சந்தித்தன. கீழே ஒன்று முன்னும் மற்றது பின்னுமாக நின்றன. ஒவ்வொரு கதவும் ஏறத்தாழ அரை அங்குலம் முறுக்கியிருந்தது, தாழ்ப்பாள் விழவில்லை. எவரும் ஏசவில்லை, ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "பரவாயில்லைத் தம்பி, கயிறு கட்டலாம்" என்று ஒரு முதியவர் சொன்னார். மருமகன் இரண்டு கதவுகளையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வேலியோடு சாத்தினான். அன்றிரவு தங்கை என் வீட்டுக்கு வந்து, "அண்ணை, அவன் மத்திய கிழக்குக்குப் போகப் போகிறானாம், கடவுச்சீட்டை எடுத்து வைத்திருக்கிறான்" என்று அழுதாள்.

அடுத்த நாட்காலை நான் கொட்டிலுக்குச் சென்றேன். "எங்கே பிழைத்தது?" என்று கேட்டேன். "தெரியவில்லை, மாமா. அளவுகள் சரி, மூலைவிட்டங்களும் சமம், மேசையும் ஆடவில்லை" என்றான். அப்போது அயலிலுள்ள முதிய மேசன் ஒருவர் வந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மேசைக்கு நூல் பிடித்துப் பார்த்தாயா, தம்பி?"

அவர் செய்து காட்டியதை நேயர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். எவரும் செய்யக்கூடிய சோதனை அது. ஒரே கனமான நான்கு கம்பித்துண்டுகளை மேசையின் நான்கு மூலைகளிலும் வைத்தார். ஒரு நூலை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அத்துண்டுகளின் மேலாக இறுக்கிக் கட்டினார். இரண்டாவது நூலை மற்ற இரு மூலைகளுக்கும் அவ்வாறே கட்டினார். இரு நூல்களும் நடுவிலே ஒன்றையொன்று கடக்கும். மேசை தட்டையாயின் அவ்விடத்தில் மேல்நூல் கீழ்நூலை மெல்லத் தொட்டபடி கிடக்கும். இடைவெளி தெரிந்தால் மேசை முறுக்கியிருக்கிறது என்பது பொருள். மேல்நூல் கீழ்நூலின்மேல் அழுந்தி வளைந்தாலும் முறுக்கு உண்டு என்பதே பொருள். நூல்களை மேல்கீழாக மாற்றிக் கட்டினால் அப்போது இடைவெளி வெளிப்படும். எங்கள் மேசையிலே நூல்களுக்கு நடுவே, பூச்சு உதிர்த்த 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் குச்சியொன்று தாராளமாக நுழைந்தது.

இங்கே சிறிது கணிதம் உண்டு. ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் நடுவில் தெரியும் இடைவெளி அந்தத் தாழ்வின் பாதியாகும். ஏனெனில் நூலின் ஒரு முனை தாழ்ந்தால் அதன் நடுப்புள்ளி பாதியளவே தாழும். ஆகவே இடைவெளி 2.5 மில்லிமீற்றர் எனின், மூலையின் தாழ்வு 5 மில்லிமீற்றர். வைஸ் பூட்டிய மூலையே அது. மேசையைவிடப் பெரிய கதவை அதன்மீது இறுக்கி ஒட்டினால் முறுக்கும் பெரிதாகும். கதவின் பரப்பு மேசையின் பரப்பைப் போல் இரண்டரை மடங்கு. 5ஐ இரண்டரையாற் பெருக்கினால் 12.5 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம்! படலையின் குற்றம் மேசையில் எழுதப்பட்டிருந்தது. அதை வாசிக்க எங்களுக்குத் தெரியவில்லை.

அப்படியாயின் மேசை ஏன் ஆடவில்லை? மரக்கதிரையின் ஒரு கால் குறுகினால் கதிரை ஆடும். மரச்சட்டம் விறைப்பானது, பாரம் குறைந்தது. ஆனால் 12 மில்லிமீற்றர்த் தகடு பார்வைக்கு விறைப்பாயினும், மூலைகளில் முறுக்குவதற்கு இடங்கொடுக்கும். அதன் நிறையும் வைஸின் நிறையும் சேர்ந்து, நான்காவது காலை நிலத்திலே அழுத்திவிட்டன. நிலம் எப்படிச் சரிந்திருந்ததோ அப்படியே மேசையும் தன்னை வளைத்துக்கொண்டது. குற்றம் வண்டிக்கொட்டிலின் நிலத்தில் இருந்தது. மாரிகாலத்து நீர் வழிந்தோடுவதற்காக முன்னோர் அந்நிலத்தை ஒரு புறமாகச் சரித்துக் கட்டியிருந்தார்கள்.

மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கின்றன என்பது கேத்திரகணிதத்தின் அடிப்படை. முக்காலி எந்த நிலத்திலும் ஆடாமல் நிற்பதற்கும், எம் அடுப்புக்குக் கற்கள் மூன்றாக இருப்பதற்கும் அதுவே காரணம். நான்காவது கால் வந்தவுடன் நிலத்துக்கும் மேசைக்கும் வழக்கு ஆரம்பமாகின்றது. வழக்கைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. மேசையை மூன்று காலிலே நிறுத்துவது ஒன்று. அதிலே ஓரத்தில் பாரம் ஏற்றினால் கவிழும் அபாயம் உண்டு. நான்கு காலுக்கும் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி செய்வது மற்றொன்று. நாங்கள் இரண்டாவது வழியைக் கைக்கொண்டோம்.

முதலில், கால்கள் நிற்கும் நான்கு இடங்களிலும் ஓரடிச் சதுரத்துக்குச் சீமெந்துக் கொங்கிறீற்றுப் பாதங்கள் அமைத்தோம். அவை இறுகும்வரை சில நாட்கள் நனைத்துவந்தோம். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு தடித்த தகட்டை ஒட்டி, அதிலே 16 மில்லிமீற்றர் ஆணிக்குரிய சுரையைப் பொருத்தினோம். அச்சுரையிலே திருகும் ஆணியின் தலை, பாதத்தின் மீது வைத்த இரும்பு வில்லையிலே நிற்கும். இந்த அளவு ஆணியின் புரிகளுக்கிடையிலான தூரம் 2 மில்லிமீற்றர். ஆகவே ஆணியை ஒரு சுற்றுச் சுற்றினால் மேசைக்கால் 2 மில்லிமீற்றர் உயரும். "5 மில்லிமீற்றர் உயர்த்த எத்தனை சுற்று?" என்று நான் கேட்டு முடிக்குமுன்பே, "இரண்டரை, மாமா" என்றான் மருமகன். பின்னங்களைக் கரும்பலகையிலே எழுதியபோது அவன் கண்ணில் நான் காணாத வெளிச்சத்தை அன்று கண்டேன். கற்பித்தவனுடைய குறையை அது சுட்டியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மேசையை நிறுத்தும் ஒழுங்கு இதுதான். முதலில் மூன்று கால்களை மட்டும் திருகி, நீளம், அகலம் ஆகிய இரு திசைகளிலும் இரசமட்டம் பாருங்கள். பின் நான்காவது காலைத் திருகி, நூல்கள் ஒன்றையொன்று தொடும்வரை உயர்த்துங்கள். மட்டம் வேறு, தட்டை வேறு என்பதை மறவாதீர்கள். சரிந்த மேசையும் தட்டையாக இருக்கலாம். நடுவிலே மட்டமாகத் தோன்றும் மேசையும் முறுக்கியிருக்கலாம். இரசமட்டத்தை ஒரு விளிம்பிலும் அதற்கு எதிர்விளிம்பிலும் வைத்துப் பார்த்தால் குமிழி இரு இடத்திலும் ஒரே அடையாளத்தில் நிற்க வேண்டும். முடிவிலே பூட்டுச்சுரையை இறுக்கிவிட்டு மீண்டும் ஒருமுறை நூல் பிடியுங்கள். மாரிக்கு முன்னும் பின்னும் இச்சோதனையைச் செய்தல் நன்று. ஈரத்தால் மண் இறங்கும்.

தட்டையான தளத்துக்காக மனிதன் பட்ட பாடு சிறிதன்று. இங்கிலாந்தின் பொறியியலாளரான ஜோசப் விட்வர்த் 1840ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ நகரில் நடந்த அறிஞர் கூட்டமொன்றில், உண்மையான தட்டைத்தளத்தை உண்டாக்கும் முறையை விளக்கினார். இரண்டு தகடுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், ஒன்று குழிவாகவும் மற்றது குவிவாகவும் இருந்து பொருந்திவிடக்கூடும். மூன்று தகடுகளை மாறி மாறி ஒப்பிட்டுச் சுரண்டினால் அவ்வாறு ஏமாற வழியில்லை. மூன்றும் தட்டையாக இருந்தாலன்றி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தா. இயந்திரங்களின் நுட்பமெல்லாம் இத்தகைய எளிய எண்ணத்தின்மேல் எழுந்தவையே. வீட்டுப் பட்டறைக்கு அவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை. மேசை முழுவதிலும் ஒரு மில்லிமீற்றருக்குள் தட்டையாக இருந்தால் படலைக்கும் சாளரத்துக்கும் போதும்.

இனி மேசையின் முகத்தைச் செப்பனிடுதல். தெறித்த மணிகளை அகன்ற உளியால் படுக்கைவாட்டில் தட்டி அகற்றுங்கள். மிஞ்சியதைக் கிரைண்டரில் உரத்தாள் வட்டு பூட்டி மென்மையாகத் தேயுங்கள். கல்வட்டை ஒரே இடத்தில் அழுத்தினால் பள்ளம் விழும். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி, சவர்க்காரமும் சலவைச் சோடாவும் கலந்த சுடுநீரால் கழுவி உலர்த்துங்கள். வாகனத் தடுப்புகளைத் துப்புரவாக்கும் திரவங்களிற் சில குளோரீன் சேர்ந்தவை. அவற்றின் மிச்சத்தின்மீது வெல்டிங் சுடர் பட்டால் பொஸ்ஜீன் என்னும் கொடிய நச்சுவாயு தோன்றும். ஆதலால் அவற்றை வெல்டிங் மேசையில் ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். மேற்றகட்டுக்கு நிறப்பூச்சுப் பூசுவதும் கூடாது. மின்னோட்டத்தைப் பூச்சு தடுக்கும், சூட்டிலே புகையும். கடற்காற்று வீசும் எம் பகுதியிலே துரு ஓர் இரவிற் பூத்துவிடும். மாலையில் வேலை முடிந்து தகடு ஆறியபின் எண்ணெய் தோய்ந்த துணியால் மெல்லத் துடைத்துவிட்டு, காலையில் உலர்ந்த துணியால் அதைத் துடைத்தெடுத்தாற் போதும்.

மின்சாரத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். மின்சுடரால் உலோகத்தை ஒட்டும் முறையை 1880களிலே நிக்கோலாய் பெனார்டோஸ் என்பவர் காபன் கோலைக்கொண்டு செய்து காட்டினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் ஷெல்பெரி பூச்சிட்ட குச்சியை உருவாக்கினார். இன்று நாம் கையாள்வது அதன் வழிவந்ததே. 2.5 மில்லிமீற்றர்க் குச்சிக்கு 80 அம்பியர் அளவு மின்னோட்டம் வேண்டும். சுடரின் வோல்ற்றளவு ஏறத்தாழ 23. இரண்டையும் பெருக்கினால் 1840 உவாற்று. இயந்திரத்தின் இழப்பையும் பிற காரணங்களையும் சேர்த்தால், 230 வோல்ற்று வீட்டுவழங்கலிலிருந்து சாதாரண இன்வேட்டர் இயந்திரமொன்று ஏறத்தாழ 13 அம்பியரை இழுக்கும். 3.2 மில்லிமீற்றர்க் குச்சியை 120 அம்பியரில் எரித்தால் அது 20 அம்பியரைத் தாண்டும். வானொலிப் பெட்டியும் மின்விசிறியும் பூட்டிய வீட்டுச் செருகியில் இவ்வேலை கூடாது. தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு, பிரதான பலகையிலிருந்து தடித்த கம்பியில் தனிச் சுற்று ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். புவித்தொடுப்புச் சரியா என்றும், ஊரார் 'ட்றிப் சுவிச்சு' என்னும் மின்கசிவுத் துண்டிப்பான் தொழிற்படுகிறதா என்றும் சோதியுங்கள். அது அடிக்கடி விழுகிறதென்று கட்டிவைப்பவர் காவற்காரனைக் கட்டிவைப்பவராவார்.

இயந்திரத்திலிருந்து இரண்டு கம்பிகள் வரும். ஒன்று குச்சியைப் பிடிக்கும் கைப்பிடிக்கு. மற்றது மேசையைக் கவ்வும் கிளாம்புக்கு. இரண்டாவதை 'ஏர்த்' என்று வழங்கினாலும் அது புவித்தொடுப்பன்று. சென்ற மின்னோட்டம் திரும்பிவரும் பாதை. அந்தக் கிளாம்பு பளபளப்பாகத் தேய்த்த இரும்பில் இறுகக் கவ்வ வேண்டும். மேசையின் ஒரு காலிலே அதற்கெனச் செப்புத்துண்டு ஒன்றை ஆணியிட்டுப் பூட்டிவைத்தால் வசதி. கிளாம்பைக் கட்டடத்தின் இரும்புத்தூணிலே கவ்விவிட்டு மேசையில் ஒட்டினால், நூறு அம்பியர் மின்னோட்டம் எங்கெங்கோ வழிதேடி அலையும். போகும் வழியிலே சங்கிலியையும் கம்பியையும் சுட்டுவிடும். குச்சி எரியாதிருக்கும்போது கைப்பிடிக்கும் மேசைக்கும் இடையே 60 முதல் 80 வோல்ற்று வரை நிற்கக்கூடும். வியர்வையில் நனைந்த உடம்புக்கு அதுவே அபாயம். உலர்ந்த பலகை அல்லது இறப்பர் விரிப்பின்மேல் நின்று, உலர்ந்த தோற்கையுறை அணிந்தே வேலை செய்க. ஈரக்காலோடு மேசையிலே சாய்ந்துகொண்டு குச்சியை மாற்றாதீர்கள்.

ஒளியைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. மேசை நேரான மகிழ்ச்சியிலே, மருமகன் நாலைந்து இடங்களில் பொட்டு வைத்து ஒட்டியதை வெறுங்கண்ணோடு பார்த்துநின்றேன். அன்று மாலை ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவிலே கண்ணுக்குள் மணலை அள்ளி வீசியதுபோன்ற வேதனையோடு விழித்தேன். வெல்டிங் சுடரிலுள்ள கழியூதாக் கதிர்கள் கண்ணின் மேற்படலத்தைச் சுட்டுவிடுகின்றன. வெயில் தோலைச் சுடுவதைப் போல, பட்டபோது தெரியாமல் சில மணி நேரத்தின் பின்னரே வருத்துகின்றன. வீட்டிலே உருளைக்கிழங்கை அரிந்து வைக்கலாமா, தாய்ப்பால் விடலாமா என்று யோசனைகள் எழுந்தன. நேயர்களே, கண்ணிலே அவை எவற்றையும் இடாதீர்கள். குளிர்ந்த ஈரத்துணியால் மூடிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். எனக்கு இரண்டு நாளிற் சுகம் கிடைத்தது. 10 அல்லது 11ஆம் இலக்கக் கருங்கண்ணாடியுடைய முகமூடி வேலை செய்பவருக்கு மட்டுமன்று, பார்ப்பவருக்கும் வேண்டும். எல்லாவற்றினும் நல்லது, மேசையைச் சுற்றித் தடித்த திரையிட்டு, பிள்ளைகளையும் அயலவரையும் அவ்வொளி எட்டாதபடி செய்வது.

புகையும் அவ்வாறே கவனிக்கத்தக்கது. படலைக்கு நாகம் பூசிய குழாய்களை நாம் பெரிதும் விரும்புகிறோம். துருப்பிடிக்காது என்பது காரணம். நாகம் 907 பாகையிலே கொதித்து ஆவியாகும். உருக்கு உருகுவதற்கு வெகு முன்னரே அது வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தின் பின் குளிரும் காய்ச்சலும் உடல்நோவும் காணும். பால் குடித்தால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை தொழிலாளரிடையே உண்டு. பால் நல்ல உணவு. ஆனால் நுரையீரலுக்குள் போன புகையை அது தடுக்க மாட்டாது. ஒட்டுமிடத்தின் இருபுறமும் நாகப்பூச்சைத் தேய்த்து நீக்குதலும், காற்று முகத்துக்குக் குறுக்காக வீசும்படி மேசையை வைத்தலுமே வழி. எங்கள் கொட்டிலிலே மேசையைச் சுவரோரத்திலிருந்து எடுத்து, வாடைக்காற்றும் சோளகக்காற்றும் குறுக்காக ஓடும் நடுவிடத்துக்கு நகர்த்தினோம்.

அடுத்தது நெருப்பு. வெல்டிங் பொறிகள் பத்து மீற்றர் தூரம்வரை ஓடக்கூடியவை. கிடுகுவேலியும் ஓலைக்கூரையும் உள்ள வளவிலே இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூரையைத் தகரமாக மாற்றினோம். வேலிப்பக்கத்திலே தகரத் தட்டி நிறுத்தினோம். மணல் வாளியும் தண்ணீர் வாளியும் எட்டும் தூரத்தில் வைத்தோம். வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரமாவது ஒருவர் அவ்விடத்தில் இருந்து பார்ப்பது கட்டாயம். பஞ்சிலும் தும்பிலும் விழுந்த பொறி உறங்குவதுபோல் கிடந்து பின்னரே எழும். வெறுங் கொங்கிறீற்றுத் தரையிலே வைத்து ஒட்டுவதும் தவறு. கொங்கிறீற்றினுள் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுகளாகத் தெறிக்கும்.

மேசை செம்மையானபின் வேலை முறையும் செம்மையாக வேண்டும். சட்டத்தின் நான்கு பக்கங்களையும் ஜீ கிளாம்புகளால் மேசையோடு இறுக்கி, மூலைமட்டம் பார்த்து, முதலில் பொட்டுப் பொட்டாக ஒட்டுங்கள். மூலைவிட்டங்களை அளந்து சமமா என்று பாருங்கள். பின்னர் ஒரு மூலையில் சிறிது, அதற்கு எதிர்மூலையில் சிறிது என மாறி மாறி ஒட்டினால், ஒரு பக்கத்தின் இழுவையை மறுபக்கத்தின் இழுவை சமன்செய்யும். கையாற் தொடக்கூடிய அளவுக்குக் குளிரும்வரை கிளாம்பைக் கழற்றாதீர்கள். மேசையைவிடப் பெரிய வேலையாயின், மேசையின் மட்டத்துக்கே உயர்த்திய தாங்கிகளை வெளியே நிறுத்தி, அவற்றையும் நூல் பிடித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேசையின் உயரம் நின்று வேலை செய்பவரின் முழங்கைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 85 முதல் 90 சென்ரிமீற்றர் வரை இருந்தால் இடுப்பு நோகாது.

சனசமூக நிலையத்தின் கதவுகளை மருமகன் மூலைகளிலே வெட்டிப் பிரித்து, நேரான மேசையிலே மீண்டும் இறுக்கி ஒட்டினான். அந்த வேலைக்கு அவன் ஒருவரிடமும் பணம் வாங்கவில்லை. மறுபடி பூட்டிய நாளிலே முன்னைப்போலக் கூட்டம் இல்லை. நானும் அந்த முதிய மேசனும் வாசிகசாலைப் பொறுப்பாளரும் மட்டுமே நின்றோம். கதவுகள் மேலும் கீழும் ஒன்றாகச் சந்தித்தன. தாழ்ப்பாள் தன் பாரத்திலே விழுந்தது. மேசன் கதவை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சைக்கிளில் ஏறிப் போனார்.

மருமகனின் கடவுச்சீட்டு இன்னும் தங்கையின் அலுமாரியிலே இருக்கிறது. இயந்திரக் கடனும் இன்னும் முடியவில்லை. அவன் போவானா இருப்பானா என்பதை நான் கேட்கவில்லை. அது அவன் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் எங்கள் பாடசாலையிலே ஒன்பதாந்தர மாணவருக்கு இந்த ஆண்டு கேத்திரகணிதப் பாடம் தொடங்கிய நாளன்று, கணித ஆசிரியரிடம் நான் ஒரு வேண்டுகோள் விடுத்தேன். நான்கு கம்பித்துண்டுகளும் இரண்டு நூல்களும் வகுப்புக்குக் கொண்டுசென்று, ஒவ்வொரு மாணவனும் தன் மேசைக்கு நூல் பிடித்துப் பார்க்கட்டும் என்றேன். எங்கள் வகுப்பறையின் மேசைகளிலே பாதிக்கு மேல் முறுக்கியவை என்று தெரியவந்தது. அவற்றைத் திருத்தும் வேலையை இப்போது மாணவர்களே செய்துவருகிறார்கள்.

பழைய மேசை வாங்கும் நேயர்களே, விலை பேசுவதற்கு முன் பையிலே சிறிது நூல் எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னும் அதே நூலை மறவாதீர்கள்.